சுண்ணக்கட்டி செய்தல்

சுண்ணக்கட்டி செய்தல் என்பது பாரிஸ் சாந்து, நீர், வண்ணம் ஆகியவற்றைக் கலந்து அச்சில் வார்த்து, எழுதவும் வரையவும் உதவும் கட்டிகளை உருவாக்குவதாகும். சுண்ணக்கட்டியைப் பேச்சு வழக்கில் சாக்பீஸ் என்பர். இலங்கையில் இது வெண்கட்டி எனப்படுகிறது. தரையில் வரைவதற்கான தடித்த வண்ணக் கட்டிகளைச் சிறுவர்கள் பெரியவர்களின் துணையுடன் வீட்டிலேயே செய்யலாம்.

மூலப்பொருள்

இயற்கையில் கிடைக்கும் சுண்ணக்கல் வகையான சாக்கு, கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இது கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. ஆனால் பாரிஸ் சாந்தில் வார்க்கப்படும் கட்டிகள் கால்சியம் சல்ஃபேட்டால் ஆனவை. ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கினால், அதில் பிணைந்துள்ள நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறிப் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. பாரிசு நகரின் மோன்மார்த்ரு பகுதியில் ஜிப்சம் வெட்டி எடுக்கப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. சாந்துடன் நீர் சேரும்போது அது மீண்டும் ஜிப்சமாக மாறி இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது.

செய்முறை

1. அட்டைக் குழாய்களின் ஒரு முனையை ஒட்டுநாடாவால் அடைத்து, உட்புறம் மெழுகுத்தாள் சுற்றி வைக்க வேண்டும். தாள் இல்லையெனில் கட்டி அட்டையுடன் ஒட்டிக்கொள்ளும்.
2. ஒரு பங்கு நீரில் போஸ்டர் வண்ணத்தைக் கரைக்க வேண்டும்.
3. அந்நீரில் இரண்டு பங்கு சாந்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் குச்சியால் கலக்க வேண்டும்.
4. கலவை சில நிமிடங்களில் இறுகத் தொடங்குவதால் உடனே குழாய்களில் ஊற்றி, காற்றுக் குமிழிகள் வெளியேற மெல்லத் தட்ட வேண்டும்.
5. கட்டி நன்கு இறுகியபின் அட்டையை உரித்து, ஓரிரு நாட்கள் உலர விட வேண்டும். ஈரமான கட்டி எளிதில் உடையும்.

பாதுகாப்பு

அச்சு தயாரித்தல், வண்ணம் கரைத்தல், உரித்தல் ஆகியவற்றைச் சிறுவர்கள் செய்யலாம். சாந்துப் பொடியைக் கையாள்வதும் கலப்பதும் பெரியவர்களின் வேலையாகும். பொடி மூச்சில் கலவாதிருக்க முகமூடி அணிவது நன்று.

சாந்தின் அளவு கூடும்போது வெப்பமும் மிகுதியாகத் தேங்கும். கலவை 60 பாகை செல்சியசு அளவை எட்டக்கூடும். எனவே கையையோ காலையோ அதனுள் வைத்து அச்செடுக்கக் கூடாது. 2007 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்சயரில், ஓவிய வகுப்பில் தன் கைகளை அச்செடுக்கச் சாந்தினுள் வைத்த மாணவி ஒருவர், கடுமையான தீப்புண்களால் பெரும்பாலான விரல்களை இழந்தார். இறுகிய சாந்திலிருந்து அவரால் கைகளை வெளியே எடுக்க இயலவில்லை.

எஞ்சிய கலவையைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால், அது உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். அதைப் பாத்திரத்திலேயே இறுக விட்டுக் குப்பையில் இடுவதே முறையாகும்.

மாற்று முறை

மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சாந்து இல்லாத தரை வண்ணம் ஏற்றது. கடைகளில் கார்ன்பிளவர் எனப்படும் மக்காச்சோள மாவையும் நீரையும் சம அளவில் கலந்து, உணவு நிறமி சேர்த்துத் தூரிகையால் வரையலாம். மாவு அடியில் படிவதால் அடிக்கடி கலக்க வேண்டும். உலர்ந்தபின் இது சுண்ணக்கட்டிக் கோடு போலத் தோன்றும். ஊறவைத்த பச்சரிசியை அரைத்து இடப்படும் மாக்கோலமும் இதே தன்மையுடையது.

இவற்றையும் பார்க்கவும்

ஜிப்சம்
கோலம்
கரும்பலகை