துடைக்கத் துடைக்கப் பாழாகும் கார்! ஞாயிற்றுக்கிழமை "பாலிஷ்" பிரியர்களே, உஷார்!

திருவண்ணாமலை—

காலையில் எழுந்ததும் பழந்துணியை எடுத்துக் காரைப் பரபரவென்று துடைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அந்தத் துணியே காருக்கு எமன் ஆகலாம்!

திருவண்ணாமலை தேருக்குப் பேர்போன ஊர். கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ம் நாள் மாட வீதிகளில் தேர்கள் அசைந்து வரும். இப்போது தெருவுக்குத் தெரு "வீட்டுத் தேர்" ஒன்றும் நிற்கிறது. கடன் போட்டு வாங்கிய கார்தான் அது!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சொந்தக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கெட்டும் கையுமாக இறங்கி விடுகிறார். பிள்ளைகள் தண்ணீர் மொண்டு கொடுக்க, பகல் சாப்பாடு வரை இதே வேலை. சிலருக்கு இது சினிமாவை விடப் பெரிய பொழுதுபோக்கு.

ஆசை நல்லதுதான். முறை தெரியாவிட்டால் ஆபத்து!

மணல் செய்யும் வேலை

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர். பவுர்ணமி என்றால் ஜன வெள்ளம். பஸ், வேன், கார் என்று வண்டிகள் வந்து குவியும். தூசிக்குக் கேட்பானேன்?

அந்தத் தூசியில் பொடி மணல் கலந்திருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

அம்பாசிடர் காலம் வேறு

"அந்தக் காலத்து அம்பாசிடரை எவ்வளவு தேய்ச்சோம், என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு.

பழைய கார்களில் பெரும்பாலும் கலர் பெயிண்டுதான் மேல் பூச்சு. பாலிஷ் போட்டால் துணியில் கலர் ஒட்டும். மங்கிய தோல் போய் அடியில் பளபளப்பு தெரியும். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்று விட்டது.

இன்றைய கார்களில் கலருக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. "கிளியர் கோட்" என்று பெயர். தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது!

பாலிஷ் போடுவது என்றால் இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுப்பது என்று அர்த்தம். மாதா மாதம் தேய்த்தால் பூச்சு தீர்ந்து விடும். பிறகு வெயிலில் பெயிண்டு வெளுத்துத் தோல் உரியும்.

மறுபடி பெயிண்டு அடித்தால் செலவு. விற்கப் போனாலோ, "ஆக்சிடெண்டு வண்டியா சார்?" என்று விலையைக் குறைப்பார்கள்.

இரண்டு வாளி

சரியான முறை என்ன? காரை நிழலில் நிறுத்த வேண்டும். பானெட்டு சூடு ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவி விட வேண்டும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு. மற்றதில் நல்ல தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் துணியை நல்ல தண்ணீரில் அலசி, அதன் பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். மெழுகுப் பூச்சை அது எடுத்து விடும். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரால் துடைப்பதும் தப்பு. கதவு ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும்.

உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். மைக்ரோபைபர் துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

பளபளப்புக்கு மெழுகு போதும். பிரேசில் நாட்டுப் பனை ஓலையில் கிடைக்கும் "கார்னாபா" மெழுகு இதற்குப் பேர் பெற்றது. மெழுகு பெயிண்டைச் சீவாது. மேலே போர்வை மாதிரி நிற்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். உருளாமல் பரவினால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்து விட்டது. கீறல் இருந்தால் மட்டும் பாலிஷ்.

பூஜைக்குப் பிறகு

ஆயுத பூஜைக்குக் காரில் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நாள் கணக்கில் விட்டால் கறை பிடிக்கும். பூஜை முடிந்த மறுநாளே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவி விடுவது நல்லது. காக்கை எச்சத்தையும் சுரண்டாமல் ஈரத் துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

உயிர் விஷயம்

டயரின் பக்கவாட்டில் பாலிஷ் போடலாம். ரோட்டில் படும் பகுதியில் போட்டால் வழுக்கும். பிரேக் டிஸ்க்கில் மெழுகோ எண்ணெயோ படவே கூடாது.

கழுவி முடித்ததும் வேகமாகக் கிளம்பாதீர்கள். தெருமுனை வரை மெதுவாக ஓட்டி, இரண்டு முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஈரம் காய்ந்து பிரேக் பிடிக்கிறதா என்று தெரிந்து விடும்.

கார் பளபளக்கா விட்டாலும் ஊருக்குப் போகலாம். பிரேக் பிடிக்கா விட்டால்?