பெரு நாட்டுக் கடலும் ராசிபுரத்து மழையும்

2016-ஆம் ஆண்டு ஆவணி மாதம், ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டம். "எல் நினோ விலகிவிட்டது, இந்த ஆண்டு பருவமழை இயல்புக்கு மேல் இருக்கும் என்று வானிலைத் துறை சொல்லியிருக்கிறது" என்று நான் பேசினேன். அதைக் கேட்ட பெரியவர் ஒருவர் புரட்டாசியில் ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டார். கிணற்றுத் தண்ணீர் இருபது நாள் தாங்கியது. ஐப்பசியில் மழை இல்லை, கார்த்திகையிலும் இல்லை. கடன் வாங்கி 800 அடி போர் போட்டார்; புகைதான் வந்தது. தை மாதம் நான் அவர் காட்டுக்குப் போனபோது, "நீங்க சொன்ன மழை எங்கீங்க சார்?" என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

நான் சொன்ன செய்தி பொய்யல்ல. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக்கு, அதுவும் இந்தியா முழுவதற்கும் சேர்த்துச் சொன்ன கணிப்பு. புரட்டாசி நடவு நம்பியிருப்பதோ வடகிழக்குப் பருவமழையை. அதன் கணக்கு வேறு. இதை அன்று நான் பிரித்துச் சொல்லத் தவறினேன். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

சேலம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். நாமக்கல்லுக்கு அதைவிடக் குறைவு. கோடை மழை போக மீதியை இரண்டு பருவங்களும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பங்கிட்டுத் தருகின்றன. தஞ்சைக்காரர்களுக்கு வடகிழக்கு ஒன்றே பிரதானம், மலையாளத்தாருக்குத் தென்மேற்கு. நமக்கு இரண்டு எசமானர்கள்.

வைகாசி, ஆனியில் வடஇந்திய நிலப்பரப்பு கொதிக்கிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப பூமத்திய ரேகைக்குத் தெற்கே மடகாஸ்கர் பக்கத்துக் கடலிலிருந்து காற்று புறப்படுகிறது. ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கிவிடுவதால், நமக்குக் கிடைப்பது பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட ஆடிக் காற்று.

அப்படியானால் ஆடி, ஆவணியில் நமக்கு மழை எப்படிக் கிடைக்கிறது? கேரளத்திலும் வடநாட்டிலும் பருவமழை சற்று ஓய்ந்து, மேல்காற்றின் வேகம் தணியும் நாட்களைக் கவனியுங்கள். பகலில் வெயில் சுடும். மாலையில் சேர்வராயன் மலைப்பக்கமும் கொல்லிமலைப்பக்கமும் மேகம் திரண்டு இடியுடன் கொட்டும். நம் மானாவாரி நிலக்கடலையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த மாலை மழைதான்.

ஐப்பசியில் காற்று தலைகீழாகிறது. நிலம் குளிர, வங்கக் கடல் இன்னும் சூடாகவே இருக்க, வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கடல்மேல் வரும்போது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் நமக்கு, காற்று மட்டும் போதாது. தாழ்வு மண்டலமோ புயலோ கரையேறி உள்ளே வரவேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் மெல்ல உள்ளே நகர்ந்ததால், அடுத்த இரண்டு நாளில் ஏற்காட்டில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டரும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் கொட்டியது. தாழ்வு மண்டலம் ஆந்திரா, ஒரிசா பக்கம் ஒதுங்கிவிட்டால் நமக்கு மிஞ்சுவது வறட்டுக் காற்றுதான்.

"பசிபிக்குல என்ன நடந்தா எனக்கென்னங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பசிபிக் மகாசமுத்திரத்தில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வியாபாரக் காற்று வீசுகிறது. அது மேல்மட்டத்துச் சூடான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கும்! பெரு நாட்டுக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். சில ஆண்டுகளில் இந்தக் காற்று சோர்ந்துபோகிறது. குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்பி ஓடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை ஏசுவை நினைத்து வைத்த பெயர்தான் எல் நினோ. காற்று வழக்கத்தைவிட வலுத்துக் கிழக்குப் பசிபிக் மேலும் குளிர்ந்தால் அது லா நினா.

வெந்நீர் இடம் மாறினால் மேகம் எழும் இடமும் மாறும். எல் நினோ ஆண்டில் பசிபிக்கின் நடுவே காற்று எழுந்து, இந்தியாவின் மேல் அழுந்தி இறங்குவதால் தென்மேற்கு மழை குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் அதே ஆண்டின் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் ஈரக்காற்று தென்னிந்தியாவை நோக்கி அதிகமாகத் திரும்புகிறது. 2015-இல் எல் நினோ வலுவாக இருந்தது. நாடு முழுவதும் தென்மேற்கு மழை குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை இயல்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. லா நினாவில் இது தலைகீழ். எங்கள் பெரியவரின் வெங்காயம் காய்ந்த 2016-இல் மெலிந்த லா நினாவுடன், இந்து மகாசமுத்திரத்தின் மேற்குப் பகுதி குளிர்ந்து கிழக்குப் பகுதி சூடாகும் நிலையும் சேர்ந்துகொண்டது.

இதை முழுக்க நம்பிவிடவும் கூடாது. 1997-இல் கடும் எல் நினோ, ஆனாலும் நாட்டில் தென்மேற்கு மழை இயல்பாகவே பெய்தது. 2021-இல் லா நினா, ஆனாலும் நவம்பரில் தாழ்வு மண்டலங்கள் அடுத்தடுத்து வந்து தமிழகத்தை நனைத்தன. தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதைத்தான் கடல் சொல்கிறது. எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வதில்லை.

இந்தத் தொடர்பைக் கண்டறிய உதவிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டுப் பஞ்சங்களே காரணம். 1876-இல், தாது வருடத்தில், சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1877-இல் வலுவான எல் நினோ வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-இல் 19 லட்சத்து 67 ஆயிரம்; 1881-இல் 16 லட்சம். பின்னர் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்கிலுமிருந்து அழுத்தக் கணக்குகளைச் சேர்த்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்து மகாசமுத்திரப் பக்கம் இறங்குவதையும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதையும் கண்டார்.

சரி, காட்டில் என்ன செய்யலாம்? எல் நினோ என்று செய்தி வந்தால் ஆடிப்பட்டத்தில் முழு நிலத்தையும் கடலைக்குப் போடாமல், ஒரு பகுதியில் சோளம், தட்டைப்பயறு போன்ற வறட்சி தாங்கும் பயிர்களைப் போடுங்கள். மேட்டூர் நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதை நிரப்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழை. எல் நினோ ஆண்டான 2023-இல் ஜூன் 12-இல் திறந்த அணையை அக்டோபரிலேயே மூடவேண்டி வந்தது. கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த ஆண்டின் ஐப்பசி மழையை விட்டுவிடாதீர்கள். ஏரி வரத்து வாய்க்காலையும் பண்ணைக் குட்டையையும் புரட்டாசிக்குள் தூர் வாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்.

லா நினா என்றால் ஆடி, ஆவணி ஈரத்தைப் பயன்படுத்தி முன்கூட்டியே விதைப்பது நல்லது. கிணற்றில் தண்ணீர் குறைவாக உள்ளவர்கள், கடன் வாங்கிப் புரட்டாசியில் வெங்காயமோ காய்கறியோ நடுவதைத் தள்ளிவைத்து, அந்த நிலத்தில் கொள்ளு விதைக்கலாம். செலவு குறைவு, மாட்டுக்குத் தீவனமாவது மிஞ்சும்.

வானிலைத் துறை தென்மேற்குக்கு ஏப்ரலிலும், வடகிழக்குக்கு அக்டோபர் தொடக்கத்தை ஒட்டியும் தனித்தனியே கணிப்பு வெளியிடுகிறது. எங்கள் பல்கலைக்கழகமும் தென்னலைவுக் குறியீட்டையும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் கொண்டு மாவட்டவாரியாகக் கணித்துத் தருகிறது. எந்தக் கணிப்பானாலும் எந்தப் பருவத்துக்கு, எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள். சொல்பவர் என்னைப் போன்றவராக இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பெரியவர் இப்போது அதைக் கேட்ட பிறகுதான் விதை வெங்காயம் வாங்கப் புறப்படுகிறார்.