டிகிரி கரெக்டா இருக்கா, பாஸ்?

இன்ஜினீயரிங் பசங்ககிட்ட ‘டிகிரி’ன்னு ஆரம்பிச்சாலே அரியர் ஞாபகம் வந்து டென்ஷன் ஆயிடுவாங்க. கூல்... இது வேற டிகிரி! கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்டுற சிம் ரேஸிங் பார்ட்டிகள் கட்டாயம் கணக்குப் போட வேண்டிய டிகிரி. பெயர், ஃபீல்ட் ஆஃப் வியூ. செல்லமா எஃப்.ஓ.வி.

மேட்டர் ரொம்ப சிம்பிள். மானிட்டரை காரோட முன்பக்கக் கண்ணாடின்னு நினைச்சுக்குங்க. உங்க கண்ணிலிருந்து அதன் ரெண்டு ஓரத்துக்கும் கோடு இழுத்தா ஒரு கோணம் கிடைக்கும். கேமுக்குள்ள இருக்கிற கேமராவும் அதே கோணத்தில் பார்க்கணும். ரெண்டும் ஒத்துப்போனா, முன்னாடி போற காரும் வளைவும் நிஜத்தில் தெரியுற அதே சைஸில் திரையிலும் தெரியும்.

ஆனா, நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி 34 இன்ச் அல்ட்ராவைடு வாங்கி, அதை சுவரோரமா தள்ளி வெச்சுட்டு, ‘இன்னும் நிறையத் தெரியட்டும்’னு எஃப்.ஓ.வி-யை இஷ்டத்துக்கு ஏத்திடறாங்க. வேகம் என்னவோ பிச்சுக்கிட்டுப் போற மாதிரிதான் இருக்கும். சிக்கல், பிரேக் அடிக்கும்போதுதான்!

இத்தாலியின் மோன்ஸா டிராக்கை எடுத்துக்குங்க. நீளமான நேர்ரோட்டில் ஃபார்முலா 1 கார்கள் 300 கி.மீ-க்கு மேல் பறந்து வந்து, முதல் வளைவுக்கு சடார்னு வேகத்தைக் குறைக்கணும். உங்க செட்டப்புக்குச் சரியான மேல்-கீழ் கோணம் 31 டிகிரின்னு வெச்சுக்குவோம். நீங்க 56 வெச்சிருந்தா, திரையில் எல்லாமே ஏறக்குறைய பாதி சைஸுக்குச் சுருங்கிடும். 100 மீட்டர் போர்டு, 190 மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரி தெரியும். காரோட பின்பக்கம் வழுக்கினாலும் அந்த அசைவு பாதிதான் தெரியும். நீங்க சுதாரிக்கிறதுக்குள்ள கார் சுத்தி, மணல்ல நிக்கும்!

சரி, சரியான கோணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ப்ளஸ் டூ டிரிக்னாமெட்ரி போதும். திரையின் உயரத்தில் பாதியை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுங்க. கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் தட்டுங்க. வர்றதை ரெண்டால் பெருக்குங்க. மேல்-கீழ் கோணம் ரெடி! உயரத்துக்குப் பதிலா அகலத்தைப் போட்டா பக்கவாட்டுக் கோணம். தேவை, ஒரு இன்ச் டேப் மட்டும்தான்.

இப்போ ஒரு சுவாரஸ்யம். 27 இன்ச் சாதா மானிட்டர், 34 இன்ச் அல்ட்ராவைடு, 49 இன்ச் சூப்பர் அல்ட்ராவைடு... மூணுக்குமே உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சுமார் 33 செ.மீ.! அகலம்தான் 60, 80, 120 செ.மீ-ன்னு எகிறுது. 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தா, மூணுக்கும் மேல்-கீழ் கோணம் 31 டிகிரிதான். பக்கவாட்டுக் கோணம் மட்டும் 53, 67, 90.

அதனால, உங்க கேம் எந்தக் கோணத்தைக் கேட்குதுன்னு முதல்ல பாருங்க. ‘அசெட்டோ கோர்ஸா’ கேட்பது மேல்-கீழ் கோணம். 27-லிருந்து 34 இன்ச்சுக்கு மாறினாலும் அதே தூரம்னா பழைய நம்பரைத் தொடவே கூடாது. ‘ஐரேஸிங்’ கேட்பது பக்கவாட்டுக் கோணம். அதில் மானிட்டர் அகலத்தையும் தூரத்தையும் கொடுத்தா, அதுவே கணக்குப் போட்டுடும்.

‘சரியான நம்பர் வெச்சா லெட்டர் பாக்ஸ் ஓட்டை வழியா பார்க்கிற மாதிரி இருக்கே’ன்னு புலம்பாதவங்களே கிடையாது. அதுக்கு மருந்து செட்டிங்ஸில் இல்லை, டேபிள் மேல இருக்கு. மானிட்டரை ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி ஒட்டினாப்ல இழுத்து வைங்க. 34 இன்ச் திரை 80 செ.மீ. தூரத்தில் 53 டிகிரிதான் தரும். 50 செ.மீ-க்குக் கொண்டுவந்தா 77! பைசா செலவில்லாம உலகம் பெரிசாகும். திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வரட்டும்.

வளைந்த மானிட்டரா? பக்கவாட்டில்தான் வளைவு, உயரத்தில் இல்லை. அதனால நடுத்திரையின் உயரத்தை வெச்சே மேல்-கீழ் கோணத்தைக் கணக்குப் போடுங்க. ஓரங்களில் படம் கொஞ்சம் இழுத்தாப்ல தெரிஞ்சா கண்டுக்காதீங்க. பிரேக் அடிக்கும்போது கண் இருப்பது நடுவிலேதான்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிடணும். சரியான கோணத்தில், பக்கத்தில் ஒட்டி வர்ற கார் தெரியாமப் போகலாம். அதுக்காகவே சில டிகிரி கூட்டி வைக்கிறவங்க உண்டு. தப்பில்லை. ஆனா, சரியான நம்பர் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கூட்டுங்க. அதுக்கு முன்னாடி, இடம் வலம் பார்க்கிற பட்டன்களை ஸ்டீயரிங்கில் செட் பண்ணிப் பாருங்க.

‘கேமுக்குப் போய் இவ்வளவு அக்கப்போரா?’ன்னு கேட்கிறீங்களா... வேல்ஸ் பையன் ஜான் மார்டன்பரோ, 2011-ல் ‘கிரான் டூரிஸ்மோ’ கேம் மூலமா நடந்த ஜி.டி. அகாடமி போட்டியில் ஜெயிச்சார். 2013-ல் லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் நிஜக் கார் ஓட்டினார். கேமில் பழகின கண்ணும் காலும் டிராக்குக்கும் வரும். அப்போ, தூரத்தைச் சரியா காட்டுற திரையில பழகுறதுதானே புத்திசாலித்தனம்?

புது நம்பர் வெச்ச முதல் நாள் கார் ஆமை மாதிரி ஊர்வதாத் தோணும். பதறாதீங்க, ஒரு வாரம் கொடுங்க. பெஸ்ட் லேப் டைமைப் பார்க்காம, தொடர்ந்து பத்து லேப் ஓட்டி, பிரேக் அடிக்கிற இடம் மாறாம இருக்கான்னு பாருங்க. மாறலைன்னா... கங்கிராட்ஸ், நீங்க டிகிரி ஹோல்டர்!