பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தும்போது நடப்பது என்ன?

அமெரிக்காவில் விற்பனையாகும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை, பின்பக்கம் சற்றுத் தூக்கியும் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் நிற்கும்படியே தொழிற்சாலையிலிருந்து வெளிவருகின்றன. பின்பெட்டியில் பாரம் ஏறியதும் பட்டை ஸ்பிரிங்குகள் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். பாரமே ஏற்றாமல் ஓட்டுவோருக்கு இந்தச் சாய்வு கண்ணை உறுத்துகிறது. பெரிய டயர் மாட்ட விரும்புவோருக்கோ முன் மட்கார்டின் கீழ் இடம் போதுவதில்லை. ஆகவே முன்பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தும் வேலை அந்நாட்டில் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளும் வேலையாகிவிட்டது. செய்முறை கடினமானதன்று. ஆயினும் அந்த உயரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதை அறியாமல் செய்வதே பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் மூலமாகிறது.

2000-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் செவ்ரொலே சில்வராடோ 1500 இதற்கு நல்ல சான்று. அதன் முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. மாறாக, சேஸிஸின் இருபுறமும் நீளவாக்கில் 'டார்ஷன் பார்' எனப்படும் எஃகு முறுக்குத் தண்டு ஒவ்வொன்று பொருத்தப்பட்டுள்ளது. தண்டின் முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலும், பின்முனை, குறுக்குச் சட்டத்துக்குள் இருக்கும் 'கீ' என்ற சிறிய நெம்புகோலிலும் செருகப்பட்டிருப்பதால், சக்கரம் மேடேறிக் கை உயரும்போது தண்டு முறுக்கப்படுகிறது. அது திரும்பி நிமிர முயலும் விசையே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு நிறுவனம் 1930-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது; கிரைஸ்லர் நிறுவனம் 1957-இல் தன் கார்களில் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது.

கீயைத் தாங்கி நிற்கும் போல்ட்டை உள்ளே முறுக்கினால் தண்டின் பின்முனை சற்றுத் திரும்பி, கீழ்க்கை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, வண்டியின் மூக்கு உயர்கிறது. அதனால் தண்டு கெட்டிப்பட்டுவிடுகிறது என்று பலர் நம்புவது சரியன்று. ஒரு தண்டின் விறைப்பை அதன் நீளமும் தடிமனும் எஃகின் இயல்புமே தீர்மானிக்கின்றன. போல்ட்டைத் திருப்புவதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. ஆனால் உயர்த்தப்பட்ட வண்டி தூக்கிப்போடுவது உண்மையே. சக்கரம் மேலே ஏறுவதற்கு இடம் தேவைப்படுவதுபோலவே, பள்ளத்தில் இறங்குவதற்கும் இடம் தேவை. கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் இந்த இறங்கும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டதே. அளவு மீறி உயர்த்திய வண்டியில், சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் மேல்கைக்கும் அதன் இறக்கத்தைத் தடுக்கும் ரப்பர்க் கட்டைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூட எஞ்சாமல் போகலாம். அப்போது சிறு பள்ளத்திலும் கை ரப்பரில் மோத, அந்த அதிர்ச்சி நேரே ஓட்டுநரின் முதுகுக்கு வந்து சேர்கிறது.

வேலையைத் தொடங்குமுன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்; தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் குழப்பிவிடும். சேஸிஸை ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கு நிலைகளின்மேல் இறக்கி வைக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். போல்ட்டைத் திருப்புவதோடு நில்லாமல் துளைக்கோணம் மாறிய வேறு கீயைப் பொருத்துவோர், முறுக்கைத் தளர்த்துவதற்கென்றே செய்யப்பட்ட கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். முறுக்கேறிய தண்டில் அடங்கியிருக்கும் விசை, கைக்குக் கிடைத்த கிளாம்பை வழுக்கித் தெறிக்கச் செய்து எலும்பை முறிக்கப் போதுமானது. வேலை முடிந்து வண்டியை இறக்கியதும் முன்னும் பின்னும் சிறிது உருட்டிய பிறகே மீண்டும் அளக்க வேண்டும். உருட்டாவிட்டால் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு பொய்யான உயரத்தைக் காட்டும்.

2007 மாடலாக வெளிவந்த புதிய வடிவம் முதல் இவ்வகைச் சில்வராடோ 1500 வண்டிகளில் முறுக்குத் தண்டுக்குப் பதில், ஷாக் அப்சார்பரைச் சூழ்ந்த சுருள் ஸ்பிரிங் இடம்பெற்றது. இவற்றை உயர்த்த, அத்தொகுப்பின் தலைக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓர் உலோகத் துண்டு வைக்கப்படுகிறது. தொகுப்பின் அடிமுனை கீழ்க்கையின் இடைப்பகுதியில் ஊன்றியிருப்பதால், நெம்புகோல் கணக்குப்படி, துண்டின் தடிமனைவிட மிகுதியாகவே, சில வண்டிகளில் இரு மடங்குக்கு அருகிலும், வண்டி உயர்கிறது. தலைப்பகுதியில், அதைச் சேஸிஸோடு பிணைக்கும் சுற்று நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவிலுள்ள நட்டு அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து நிற்பதால் அதைத் தொடவே கூடாது.

எம்முறையில் உயர்த்தினாலும், சேஸிஸில் அசையாமல் நிற்கும் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் அச்சுகளின் சாய்வு கூடிவிடுகிறது. அவற்றின் முனையிலுள்ள இணைப்புகள் அதிகக் கோணத்தில் சுழன்று விரைவில் தேய்கின்றன. அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் ஆயுள் இன்னும் குறையும். சக்கரங்கள் நிற்கும் கோணங்களும் மாறிவிடுவதால் வீல் அலைன்மெண்ட் செய்யாமல் சாலையில் தொடர்ந்து ஓட்டினால், புது டயரின் ஓரம் விரைவிலேயே வழுக்கையாகிவிடும்.

இந்தியாவில் இத்தகைய மாற்றத்தை எண்ணுவோர், உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதையும், உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிப்படுத்தியதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

உயர்த்துவதால் வரும் தொல்லைகளுள் பிறருக்குத் தீங்கு விளைவிப்பது ஹெட்லைட்டே என்பதால் அதைச் சரிசெய்ய மறப்பதற்கு மன்னிப்பில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.65 மீட்டர் உள்ள வண்டியின் மூக்கை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், 50 மீட்டருக்கு அப்பால் விளக்கொளி முன்பைவிட ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் மேலே விழும். அது எதிரே வரும் ஓட்டுநரின் கண்மட்டத்தை எட்டிவிடக்கூடும். விளக்குகளின் திருகைச் சரிசெய்து ஒளியைத் தாழ்த்துவது சில நிமிட வேலைதான். ஆனால் பின்பெட்டியில் பாரம் ஏற்றியோ இழுவை வண்டியைக் கோத்தோ பின்பக்கம் மேலும் தாழும்போது அந்த அளவும் பிசகுவதோடு, முன் டயர்களின் மேல் அழுத்தம் குறைந்து ஸ்டியரிங்கும் இலேசாகிவிடுவதால், பாரம் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டோர் தொழிற்சாலை தந்த சாய்வை அப்படியே விட்டுவைப்பதே சரி.