கிணற்றடி வாழையும் ஹோட்டல் புல்தரையும்

முன்னேஸ்வரத்தில் பழைய வீடுகளின் கிணற்றடியில் வாழை நிற்கும். குளித்த நீரும், உடுப்புத் தோய்த்த நீரும், குசினியில் அரிசி களைந்த நீரும் சின்ன வாய்க்காலில் ஓடி அதன் அடியில் போய்ச் சேரும். அந்த வாழைக்கென்று யாரும் தனியாகத் துலா மிதித்ததில்லை. அபிஷேகத் தீர்த்தம் கோமுகி வழியே இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஒருமுறை பயன்பட்ட நீருக்கு இன்னொரு வேலை உண்டென்று இங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாலு பேர் வாழும் வீட்டுக்கு இரண்டு வாழை போதும். நூறு அறை ஹோட்டலுக்கு என்ன செய்வது?

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான மணற்கரையில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். மணலுக்கடியில் நன்னீர் வில்லைபோல உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே 1 மீற்றர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். புல்தரையைப் பச்சையாக வைக்க மோட்டார் போட்டு இறைக்கும்போது, அந்த விலையைக் கொடுப்பது பக்கத்து வீட்டுக் கிணறு. அதே ஹோட்டலின் கழிவு குழிக்குள் விடப்பட்டால், மணல் அதைத் தடுத்து வைக்காது. அதுவும் அந்தக் கிணற்றைத் தேடித்தான் போகும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளக்கரையில் ஹோட்டல் எழப்போகிறது என்றதும் பிக்குகளும் ஊராரும் எதிர்த்து நின்றார்கள். கழிவு குளத்தில் கலந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சங்களில் ஒன்று. அந்த அச்சம் நியாயமானது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. மழைநீர் தன் வழியே குளத்துக்கு ஓடட்டும் என்று கட்டடத்தைத் தூண்கள்மேல் நிறுத்தினார் பாவா. கழிவுநீர் அங்கேயே சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் போகிறது. பின்னர், அமெரிக்காவுக்கு வெளியே 'லீட்' பசுமைச் சான்று பெற்ற முதல் ஹோட்டலும் அதுவே. எதிர்த்தவர்கள் குரல் கொடுத்திராவிட்டால் இவ்வளவு கவனம் பிறந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

சுத்திகரிப்பில் மந்திரம் எதுவும் இல்லை. குசினி நீரிலுள்ள எண்ணெயை முதலில் தனித் தொட்டியில் மிதக்கவிட்டு எடுக்க வேண்டும். பிறகு எல்லா நீரையும் தேக்கிக் காற்றூட்டினால், அதிலுள்ள நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்று கொழுத்துச் சேறாகப் படியும். மேலே தெளிந்த நீரை மணல்வடியில் விட்டுக் குளோரின் சேர்க்கலாம். காற்றூட்டி சில மணிநேரம் நின்றாலே நுண்ணுயிர்கள் வாடத் தொடங்கும். மின்வெட்டு நாட்களுக்கு ஜெனரேற்றர் இணைப்பு அவசியம். செடிகளுக்குப் போகும் குழாய்க்கு ஊதா நிறம் பூசுவது பல நாடுகளில் வழக்கம், குடிநீர்க் குழாயோடு யாரும் தவறி இணைத்துவிடக் கூடாதென்று. மனிதர் நடமாடும் இடத்தில் பீச்சித் தெளிக்காமல் சொட்டுக் குழாயால் வேரடியில் விடுவது நல்லது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2008ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி, கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன்) ஆறு குளங்களில் விடும்போது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிலத்தில் பாய்ச்சினாலோ 250 வரை போகலாம். மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் காரணம். களிமண் நாட்டில் அது சரி. கிணறுகள் நெருங்கிய மணற்கரையில் நிலத்துக்கு விடும் நீரும் 30க்குள் இருக்க வேண்டும் என்பேன்.

அதோடு நைதரசன். சென்ற வாரம் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களின் உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாகத் தேங்குவதைப் பார்த்தோம். தெளிந்த கழிவுநீரிலும் நைதரசன் இருக்கிறது. செடி உறிஞ்சும் அளவுக்குக் கொடுத்தால் அது உரம். அதற்கு மேல் விட்டது கீழே இறங்கிவிடும். ஆகவே இந்நீர் பாயும் தோட்டத்துக்கு யூரியாவைக் குறைத்தாக வேண்டும். செடியைத் தெரிவதிலும் புத்தி வேண்டும். சவர்க்காரத்திலிருந்து வரும் சோடியம் புல்லைக் கருக்கலாம். தென்னை உப்பைப் பொறுக்கும், அதற்குக் குளோரைட்டு ஊட்டமுங்கூட. லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்தில் வெளிநாட்டுப் புல்லுக்கு ஏன் இத்தனை பாடு?

இக்கரைக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. வைகாசி தொடங்கி ஐப்பசி வரை கற்பிட்டியில் காற்று வீசும், பட்டச் சறுக்கலுக்கு ஆட்கள் குவிவார்கள், தோட்டம் காயும். தாகம் மிகுந்த நாளிலேயே கழிவுநீரும் மிகுதி. மாரியில் தலைகீழ்: மண் ஊறிக்கிடக்கும்போது பாய்ச்சினால் எல்லாம் கிணற்றுக்குத்தான். அந்த நாட்களுக்குத் தேக்கத் தொட்டி வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று பலர் முதலில் வெட்டுவது அந்தத் தொட்டியைத்தான். படிந்த சேற்றை என்ன செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.