உண்ணி, எலி, பறவை: பழி யார் மேல?

லைம் நோய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்காவில் லைம் என்ற ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணமான பாக்டீரியாவை உண்ணியின் குடலில் கண்டதை வில்லி பர்க்டார்ஃபரும் அவர் குழுவும் 1982-ல் வெளியிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வேலை பிரிந்து கிடக்கும் விதம். முட்டையிலிருந்து வரும் உண்ணிக்குஞ்சிடம் அந்த பாக்டீரியா இருப்பதில்லை. முதல் ரத்தத்தை யாரிடம் குடிக்கிறதோ அங்கேதான் தொற்றுகிறது. அங்கே பெரும்பாலும் அது வெள்ளைக்கால் எலி. எலி நோவு நொடி இல்லாமல் கிருமியைச் சுமந்துகொண்டு ஓடும். மான் வளர்ந்த உண்ணிகளுக்குச் சோறு போடும், ஆனால் கிருமியைக் கொடுக்காது. எங்க பாஷையில் சொன்னால் எலிதான் சர்வர். பறவை? ஒட்டின உண்ணி ரத்தம் குடித்து முடிக்க சில நாள் ஆகும். அதற்குள் பறவை எங்கேயோ போயிருக்கும், உண்ணி அங்கே உதிரும். அமெரிக்க ராபின் போன்ற சில பறவைகள் கிருமியையும் உடம்பில் வளர்த்து உண்ணிக்குக் கொடுக்கும்.

நம்ம பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கு, ஆனால் அது வைரஸ். 1957-ல் கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே காட்டுக்குப் போய் வந்தவர்களுக்கும் காய்ச்சல். ஊர்க்காரர்கள் குரங்குக் காய்ச்சல் என்றார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மையம் வைரஸைப் பிரித்தெடுத்தது. காட்டு எலியிடமும் மூஞ்சூறிடமும்கூட அது கிடைத்தது. குரங்கு பாவம், நம்மைப் போலவே அதுவும் செத்துப்போகிற கட்சி. ஆனால் அது செத்தால் உடம்பிலிருக்கும் உண்ணிகள் உதிர்ந்து, அந்த இடமே ஆபத்தாகிவிடும். மான் செய்யும் வேலையை இங்கே செய்வது காட்டில் மேயும் மாடு.

வைரஸ் ரஷ்யாவில் இருந்த ஒன்றின் சாயலில் இருந்ததால், சைபீரியாவிலிருந்து வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் உலக சுகாதார நிறுவன உதவியோடு பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கினார்கள். சந்தேகம் நிரூபணமாகவில்லை. பிற்பாடு இந்த வைரஸுக்கு மிக நெருங்கின சொந்தம் சவூதி அரேபியாவில்தான் கிடைத்தது. நோயைக் கொண்டுவந்த பறவை கிடைக்கலைன்னாலும், நம்ம பறவைகளைப் பற்றி நிறைய தெரிஞ்சுது, லாபம்தான். அதற்காகப் பறவைகளுக்கு உண்ணிக் கணக்கில் பங்கே இல்லை என்று அர்த்தமில்லை. காட்டுக்கோழி மாதிரி தரையில் மேயும் பறவைகள் மேல் சின்ன உண்ணிகள் ஏறும்.

2012 கடைசியில் பந்திப்பூரில் இந்த நோய் தெரியவந்தது. நீலகிரியிலும் செத்த குரங்குகளில் வைரஸ் இருந்தது. ஒகேனக்கல்லில் ஆத்துக்கு அந்தக் கரை, பந்திப்பூர் இருக்கிற அதே சாமராஜநகர் மாவட்டம். தர்மபுரியில் நோய் வந்துவிட்டது என்று சொல்ல வரலை. ஆனால் பென்னாகரம் பக்கம் காட்டுக்கு மாடு ஓட்டிப் போறவங்களுக்கு, வேட்டியில் ஒட்டின உண்ணியைத் தட்டிவிடுவது தினசரி வேலை. கடிக்கிற இளசு கடுகை விடச் சின்னது, கண்ணுக்கே தெரியாது. காடு காயும் மாதங்களில்தான் அதிகம்.

செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டப் போகாதீங்க, வனத்துறைக்குச் சொல்லிடுங்க. காட்டுக்குப் போய் வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடுங்காய்ச்சல்னா, டாக்டர் கேட்கட்டும்னு இருக்காம, காட்டுக்குப் போனதையும் உண்ணி கடிச்சதையும் நீங்களே முதல்ல சொல்லுங்க.