பூநாரையைக் காட்ட ஓர் ஆள் வேண்டும்

கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்றொரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊருக்கு வெளியூர்ச் சாலை கிடையாது. ரயிலில் போக வேண்டும், இல்லையென்றால் விமானத்தில். அப்படியும் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், கடல் உறைவதற்காகக் கரையில் காத்துத் திரியும் பனிக்கரடிகளைப் பார்ப்பதற்கு. பெரிய சக்கரங்கள் வைத்த உயரமான வண்டியில், வழிகாட்டியோடு, ஏற்கெனவே உள்ள தடத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கரடி அங்கே காலங்காலமாக வருகிறது. அதைப் பத்திரமாகக் காட்டுகிற ஏற்பாடுதான் இன்று அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. நம் மாநிலத்துக்கும் ஒரு வடகோடி உண்டு. அங்கேயும் பார்க்கத் தகுந்த உயிர்கள் உண்டு. காட்டத் தெரிந்தவர்களும் உண்டு. இந்த மூன்றையும் இணைக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை எனத் தறிச் சத்தம் ஓயாத ஊர்கள். கிழக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள்; அவற்றையும் தாண்டினால் பழவேற்காடு ஏரி. பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலையாறு பூண்டியைக் கடந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் பக்கிங்காம் கால்வாய் வழியே நீர்த்தொடர்பு உண்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குடும்பம் விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிறது. தன் மாவட்டத்திலேயே ஆயிரக்கணக்கான பூநாரைகள் நிற்பது அதன் திட்டத்தில் வருவதில்லை. அதைக் குறை சொல்வதற்கில்லை. போய் இறங்கினால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்பதற்கு விடை சொல்ல முறையான ஏற்பாடு இருந்தால்தானே போவார்கள்?

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு துயரம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடுப்பு கிடையாது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆட்கள். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விழுந்தது. இத்தனை உயிர் போன இடத்தில் மறுபடி ஆட்களை ஏற்றுவதா என்ற கேள்வி நியாயமானது; எளிதாகத் தள்ளிவிட முடியாதது. ஆனால் தடை ஆசையை நிறுத்தியதா என்று பார்க்க வேண்டும். காணும் பொங்கல் போன்ற நாள்களில் கரையில் ரகசியமாகப் பேரம் நடப்பதும், போலீஸ் எச்சரிப்பதும் செய்தியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. சட்டப்படி ஓடும் படகில் ஆட்களை எண்ணலாம், உடுப்பைச் சோதிக்கலாம். ஒளிந்து ஓடும் படகில் இரண்டுமே முடியாது. தடை ஆபத்தைப் போக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது.

தேக்கடியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே கேரள அரசின் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். படகின் அமைப்பிலேயே குறை இருந்ததாகச் சொல்லப்பட்டது. கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது. விலங்கு பார்க்கும் படகுக்கே உரிய ஆபத்து அது. மற்ற படகில் ஆட்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே 'அதோ யானை' என்று ஒருவர் கை நீட்டினால் போதும், மொத்தப் படகும் அந்தப் பக்கம் சாயும். அந்த நேரத்தில் 'உட்காருங்கள்' என்று அதட்டி உட்கார வைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் வழிகாட்டி. கேரளம் ஏரியை மூடிவிடவில்லை. உயிர்காப்பு உடுப்பைக் கட்டாயமாக்கிப் படகை மறுபடி ஓட்டியது. இங்கே நாம் படகோட்டியைக் கரையேற்றிவிட்டு, ஒளிந்து ஓட்டுபவருக்கு வழி விட்டிருக்கிறோம்.

வழிகாட்டியின் வேலை பாதுகாப்போடு முடிவதில்லை. பூநாரை இரை தேடுவதைக் கவனித்தால் அது புரியும். நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாதி அடியில் வரும்படி நீருக்குள் வைக்கிறது. நாக்கு பம்பு போல இயங்கி நீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சன்னத் தகடுகள் சல்லடையாக நின்று நுண்ணுயிர்களையும் பாசியையும் பிடித்துக்கொள்கின்றன. சிறகின் இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்து வருவது. ஆழம் குறைந்த சேற்று நீர் இருக்கும் இடம்தான் அதற்குப் பந்தி. வடகிழக்குப் பருவமழை நீர் வடிய வடிய, அந்த இடம் வாரத்துக்கு வாரம் மாறும். முகத்துவாரம் மணலால் தூர்ந்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். இந்தக் கணக்கு எந்தக் கையேட்டிலும் இல்லை. தினமும் வலை வீசுகிற மீனவரின் தலைக்குள் இருக்கிறது. பூநாரை தேடும் சேறுதான் அவர் இறால் தேடும் சேறும். அவரைவிடத் தகுந்த வழிகாட்டியை எந்தப் பயிற்சி நிலையத்திலிருந்தும் கொண்டுவர முடியாது.

இது கற்பனை என்பவர்கள் சிலிகாவின் வடகரையில் உள்ள மங்களஜோடியைப் பார்க்கலாம். பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர் அது. 1990களில் வேட்டையாலும் விஷத்தாலும் பறவைகள் சில ஆயிரமாகக் குறைந்துவிட்டன. 2000ஆம் ஆண்டுவாக்கில் வேட்டைக்காரர்களே பறவைப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். எந்தப் பறவை எங்கே இறங்கும், எப்போது எழும் என்று அறிந்திருந்த அதே கண்கள் சுற்றுலா வழிகாட்டியாக மாறின. இன்று அங்கே எஞ்சின் இல்லாத படகைக் கழி ஊன்றி மெதுவாகத் தள்ளுகிறார்கள். குளிர்காலத்தில் பறவைகள் லட்சத்தைத் தாண்டுகின்றன. 2018இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருதும் அந்த ஊருக்குக் கிடைத்தது. பெரியாறு காப்பகத்திலும் முன்பு காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் இன்று பயணிகளை நடத்திச் செல்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர் யாரும் திருந்தி வர வேண்டியவர் இல்லை. அந்த அளவுக்கு நமக்கு வேலை மிச்சம்.

படகைத் திறந்துவிட்டால் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு ஏரியையே நாசம் செய்துவிடுவார்களே என்பது அடுத்த மறுப்பு. இதற்கான மருந்து ஏரிக்கரையிலேயே இருக்கிறது. பழவேற்காட்டுப் பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக நடக்கிறது. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது அதன் சாரம். இன்று ஒருவருக்குக் கிடைத்த இடம் நாளை இன்னொருவருக்கு. பறவை காட்டும் படகுக்கும் அதே கட்டுப்பாட்டை வைக்கலாம். நாளுக்கு இத்தனை படகு, படகுக்கு இத்தனை பேர், முறை வந்தவர் மட்டும் ஓட்டுவது, கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்கு. ஆனால் பாட்டுக்கு ஒரு குறை உண்டு. அது சாதிக்குள் அடங்கிய உரிமை. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். புதிய ஏற்பாடு பாட்டின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளட்டும். அதன் வேலியை விட்டுவிடட்டும்.

ஆட்கள் போனால் பறவை மிரளாதா? மிரளும். எஞ்சின் படகு நெருங்கினால் கூட்டம் எழுந்து பறக்கும். இரை தேட வேண்டிய நேரம் தப்பி ஓடுவதில் கழியும். அதனால்தான் எஞ்சினுக்கு அனுமதி கூடாது. கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பது முதல் வழியாகவும், படகு இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேல் நடந்தும் கோபுரத்தில் ஏறியும் பார்த்துவிட்டு நிறைவோடுதான் திரும்புகிறார்கள். சூலூர்பேட்டையில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்கிறது. மேடையும் கலைநிகழ்ச்சியும் வேண்டாமென்று சொல்லவில்லை. பறவைக்கு வேண்டியது சிறு கூட்டம், தாழ்ந்த குரல், தெரிந்த ஆள்.

கடைசி மறுப்பு கனமானது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் சுற்றி வளைக்க, முகத்துவாரம் தூர்ந்து ஏரி மூச்சுத் திணறும்போது பறவை காட்டும் சுற்றுலா யாரைக் காப்பாற்றும் என்று கேட்கலாம். சர்ச்சிலும் இதற்குச் சாட்சி. அந்தப் பக்கத்துப் பனிக்கரடிகள் 2016இல் 842 என்றும் 2021இல் 618 என்றும் மதிப்பிடப்பட்டன. கரடி பார்க்க வந்த கூட்டத்தால் உருகும் பனியை நிறுத்த முடியவில்லை. பழவேற்காட்டையும் சுற்றுலா மட்டுமே காப்பாற்றிவிடாது. ஆனால் ஓர் இடத்தைக் காலி நிலம் என்று சொல்லிக் கைவைப்பது, அதை யாரும் பார்த்திராத வரைக்கும்தான் எளிது. ஆண்டுதோறும் மாவட்டத்தின் பள்ளிப் பிள்ளைகள் மீனவரோடு போய்ப் பார்த்து வந்த ஏரியை அப்படிச் சொல்வது கடினம்.

வனத்துறையும் மீன்வளத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தை மாதம் பழவேற்காடு போங்கள். 'போட்டிங் போலாமா' என்று யாராவது மெதுவாகக் கேட்டால், ஏறாதீர்கள். வலை உலர்த்தும் ஒருவரிடம் பறவை இன்று எந்தப் பக்கம் என்று கேட்டு, கரையில் நின்று பாருங்கள். அவர் செலவிட்ட நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.